மிளகு நாற்றுக் கூடாரமும் சங்கத்தின் கடமையும்

மிளகுக் கொடி நட்டவர் மூன்று ஆண்டுகள் காத்திருந்த பின்னரே முதற் காய்ப்பைக் காண்கிறார். நிறைந்த பலனைக் காண ஏழெட்டு ஆண்டுகள் செல்கின்றன. இத்துணைக் காலம் பொறுமையோடும், பல சமயம் கடனோடும் காத்திருக்கும் அங்கத்தினரின் விதி, அவர் நாற்றைக் கையில் வாங்குவதற்கு முன்பே, பாலித்தீன் தாளுக்கு அடியில் கழிந்த இரண்டு மாதங்களிலேயே பெரும்பாலும் தீர்மானமாகி விடுகிறது. அந்த இரண்டு மாதங்களில் கூடாரத்தினுள் ஈரம் எவ்வாறு ஆளப்பட்டது என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். நாற்று வளர்த்து அங்கத்தினருக்கு வழங்க முன்வரும் சங்கங்கள் பைகளின் எண்ணிக்கையில் காட்டும் அக்கறையில் பாதியை இவ்விஷயத்தில் காட்டினாலும் பெருநன்மை விளையும் என்பது நம் துணிபு.

கொல்லிமலையில் மிளகு ஓரிருவருடைய பயிர் அன்று. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என எந்த நாட்டுக்குள் சென்றாலும், சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக் கொடியையும், அதன் நிழலில் காப்பிச் செடியையும் காணலாம். மரவள்ளியும் சிறுதானியமும் வீட்டுச் செலவுக்கும் அன்றாடத் தேவைக்கும் உதவ, பிள்ளைகளின் படிப்புக்கும் கலியாணத்துக்கும் மிளகையே நம்பியிருக்கும் குடும்பங்கள் அநேகம். ஆகவே நோயுற்ற நாற்று ஒன்று தோட்டத்துள் நுழைவது, குடும்பத்தின் சேமிப்பில் கறையான் நுழைவதற்கு ஒப்பாகும்.

கூடாரம் எதற்கு?

மலையே குளிர்ச்சியானது, பனியும் மூடுபனியும் நிறைந்தது, இங்கு பாலித்தீன் கூடாரம் எதற்கு என்று அனுபவமுள்ள குடியானவர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை, தாய்க்கொடியிலிருந்து வெட்டப்பட்ட துண்டின் நிலையில் இருக்கிறது. வெட்டிய துண்டுக்கு இலை உண்டு, வேர் இல்லை. இலை வழியே நீர் வெளியேறிய வண்ணம் இருக்க, அதை ஈடு செய்யும் வழி துண்டுக்கு இல்லை. மாசி, பங்குனி மாதங்களின் வறண்ட காற்றில் அத்துண்டு சில நாட்களிலேயே வதங்கி விடும். சுற்றியுள்ள காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் இலையின் நீரிழப்பு குறைகிறது. வேர் விடும் வரை உயிர் தங்குகிறது. வேர் ஊன்றிய பின் அதே அளவு ஈரம் அதற்குத் தேவையில்லை. கூடாரம் நாற்றின் நிரந்தர வீடு அன்று. பச்சை உடம்புக்குச் சில வாரங்கள் கொடுக்கும் பாதுகாப்பே ஆகும். இந்த ஒன்றை மறப்பதிலிருந்தே தவறுகள் பலவும் தொடங்குகின்றன.

கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் எளிய முறை ஒன்றை இங்கே கூறுவோம். குளிர்ந்த நிழலில் 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள குழி எடுக்கப்படுகிறது. மணல், மண், தென்னை நார்க்கழிவு, சாணம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பிய பைகளில், இலையோடு கூடிய ஒற்றைக் கணுத் துண்டுகள், இலைக்கக்கம் கலவைக்கு மேலே இருக்கும்படி நடப்படுகின்றன. பைகளைக் குழியில் அடுக்கி, மேலே பாலித்தீன் தாள் மூடி, நாளொன்றுக்கு ஐந்து முறையேனும் பூவாளியால் நீர் தெளிக்கிறார்கள். இரண்டு மூன்று வாரங்களில் வேர் தோன்றுகிறது. ஒரு மாதத்தில் புதுத் தளிர் வருகிறது. நட்டு இரண்டு மாதங்கள் சென்றபின் பைகளைக் குழியிலிருந்து வெளியே எடுத்து நிழலில் வைத்து, நாளைக்கு இருமுறை நீர் விட வேண்டும். வேர் விட்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சென்றபின் அவை தோட்டத்துக்குத் தகுதி பெறுகின்றன. இம்முறைக்குப் பெரும் பொருட்செலவு இல்லை, மின்சாரமும் வேண்டாம். வேண்டுவது கண்ணும் கையும் தவறாத கவனமும் மட்டுமே.

மூடிய கூட்டினுள் செடியைக் காக்கும் எண்ணம் புதிதும் அன்று. இலண்டன் மருத்துவரான நதானியேல் வார்டு என்பவர், மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் பெரணிச் செடி ஒன்று தானே முளைத்துப் பிழைத்திருப்பதை 1829-ஆம் ஆண்டில் கண்டார். அதைக் கொண்டு அவர் அமைத்த கண்ணாடிப் பெட்டிகளில் 1833-ல் செடிகள் கப்பலேறி ஆஸ்திரேலியா வரை உயிரோடு சென்றன. பின்னர் சீனத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் அத்தகைய பெட்டிகளிலேயே. ஆயினும் அப்பெட்டிகள் செடியை மட்டும் சுமந்து செல்லவில்லை. அவற்றின் மண்ணோடும் வேரோடும் பூச்சிகளும் நோய்களும் தேசம் விட்டுத் தேசம் சென்றன. செடியைக் காக்கும் ஈரமும் மறைவும் செடியின் பகைக்கும் அடைக்கலம் தருகின்றன என்பது அன்றே கிடைத்த பாடம்.

காற்றின் ஈரமும் இலையின் நீரும்

இங்குதான் அங்கத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உள்ளது. காற்றில் ஈரம் இருப்பது வேறு. இலைமேல் நீர் நிற்பது வேறு. முன்னது நாற்றுக்கு உணவு போன்றது. பின்னது நோய்க்கு விருந்து. மிளகின் பெரும்பகையாகிய விரைவு வாடல் நோயை உண்டாக்கும் பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிர், நீர்ப்படலத்தில் நீந்திச் செல்லும் வித்துக்களை உடையது. இலையில் நீர் நின்றால் அதற்கு வழி திறந்து விட்டதாகும். நாற்றின் இலைகளில் ஓரம் நூலிழை பிரிந்தாற் போன்ற கரும்புள்ளிகள் தோன்றி, விரைவில் பரவி, இலைகள் உதிர்கின்றன. தண்டும் வேரும் தாக்கப்படுவதும் உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களின் வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாட்களில் ரைசாக்டோனியா என்னும் பூசணம் இலையழுகலை உண்டாக்கி, தன் மெல்லிய இழைகளால் ஓர் இலையை மற்றோர் இலையோடு ஒட்ட வைத்து விடுகிறது.

இலைமேல் நீர் நாம் தெளித்ததால் மட்டும் வருவதில்லை. இரவில் தானாகவே வருகிறது. 30 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் அது தாங்குவது ஏறத்தாழ 17 கிராமே. பிற்பகலில் 30 பாகையில் கூடாரத்துக் காற்றின் ஈரம் 60 விழுக்காடு என்று கொள்வோம். அதாவது 18 கிராம் நீராவி. பார்ப்பதற்கு அது குறைவென்றே தோன்றும். ஆனால் மலையின் இரவுக் குளிரில் கூடாரம் 20 பாகைக்கு இறங்கும்போது, அந்தக் காற்று நிறைந்து வழிந்து, மிகுந்த நீர் தாளின் உட்புறத்திலும் இலைகளிலும் துளியாகப் படிகிறது. மாலையில் 'ஈரம் போதவில்லை' என்று கருதி மேலும் நீர் தெளித்து, தாளை இறுக மூடிச் செல்பவர், விடியும் வரை நாற்றுக்களை நீரில் தோய்த்து வைக்கிறார் என்றே கொள்ள வேண்டும். சமவெளியை விட, இரவுக் குளிர் மிகுந்த மலையில் இந்த அபாயம் அதிகம்.

நெசவாளர் அங்கத்தினருக்கு இவ்வுண்மையை நாம் விளக்க வேண்டியதில்லை. வறண்ட காற்றில் பருத்திப் பாவின் இழைகள் அடிக்கடி அறுவதையும், தரையில் நீர் தெளித்தால் தறி ஒழுங்காக ஓடுவதையும் அவர்கள் தலைமுறையாக அறிவர். குழித்தறியின் ஈரமண் நூலுக்குத் துணை என்பதையும், கஞ்சி தோய்ந்த நூல் அளவு மீறிய ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் அவர்களுக்கு ஒருவர் கற்பிக்க வேண்டா. பருத்தி நூல் வாணிபத்திலோ, உலர்ந்த நூலின் எடைக்கு 8.5 விழுக்காடு ஈரத்தைச் சேர்த்துக் கணக்கிடும் அளவையே வழங்கி வருகிறது. நூலுக்கு ஈரத்தை அளந்து பார்க்கும் நாம், நாற்றுக்கு மட்டும் கைபோன போக்கில் நீர் விடுவது பொருந்துமா?

கூடாரத்தில் செய்யத்தக்கன

முதலாவதாக, அளவு. இரண்டு சாதாரண வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் மறுமுனையைச் சிறு நீர்ப்புட்டியில் இட வேண்டும். உலர்ந்தது 25 பாகையும் நனைந்தது 24 பாகையும் காட்டினால் காற்றின் ஈரம் ஏறத்தாழ 92 விழுக்காடு. 23 காட்டினால் 84. 22 காட்டினால் 77. 20 காட்டினால் 63. வேர் விடும் வரை 80-க்கும் 90-க்கும் இடையில் இருத்தல் நன்று. இவ்விரண்டின் வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைந்தால் தாளைத் தூக்க வேண்டும். மூன்று பாகைக்கு மேல் விரிந்தால் நீர் தெளிக்க வேண்டும் என்ற எளிய விதியை எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் கைக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானியும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டாவதாக, தாளின் வடிவம். தாளைத் தட்டையாக விரித்தால் அதில் சேரும் துளிகள் நேரே இலைகள்மேல் சொட்டும். மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து அதன்மேல் விரித்தால் துளிகள் பக்கவாட்டில் வழிந்து மண்ணைச் சேரும். இரு முனைகளும் திறந்து மூடத்தக்கனவாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, நேரம். ஐந்து முறை நீர் தெளிப்பதாயின், கடைசி முறை பிற்பகல் மூன்று மணியளவில் முடிவது நலம். இருட்டுமுன் இலைகள் காய வேண்டும். காலையில் மூடுபனி விலகி வெயில் ஏறிய பின் அரைமணி நேரம் முனைகளைத் திறந்து வைக்க வேண்டும். பனி சூழ்ந்திருக்கும்போதே திறப்பதால் பயன் சிறிதே. வெளிக்காற்றும் அப்போது நீர் நிறைந்தே இருக்கும்.

நான்காவதாக, அடித்தளம். பைகள் நிற்கும் தரை நீர் தேங்காததாக இருக்க வேண்டும். குழியின் அடியில் சல்லியோ ஆற்று மணலோ பரப்பி, பைகளில் போதிய துளைகள் இட வேண்டும். மேலே காற்று சரியாக இருந்தும் கீழே வேர் அழுகுவது இக்குறையினால்தான்.

ஐந்தாவதாக, மருந்து. 1 கிலோ மயில் துத்தத்தையும் 1 கிலோ சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கி, மொத்தம் 100 லிட்டர் ஆக்கினால் ஒரு விழுக்காட்டுப் போர்டோக் கலவை கிடைக்கும். தீட்டிய இரும்புக் கத்தியை அதில் தோய்த்துப் பார்த்து, செந்நிறம் படிந்தால் மேலும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். ஆனால் ஒன்றை மறவாதிருப்போமாக: ஈரத்தை ஆளாதவருக்கு மருந்து துணை செய்யாது. நோயுற்ற நாற்றைப் பையோடு அகற்றி அப்புறப்படுத்துவதே முதல் மருந்து.

சங்கம் செய்ய வேண்டுவது

இவையெல்லாம் தனி அங்கத்தினரின் வேலை, சங்கத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கப்படலாம். மலைச்சரிவில் தனியொருவர் தோட்டம் என்பது பெயரளவில்தான். மேல் தோட்டத்தில் நட்ட நோயுற்ற நாற்றின் மண்ணை மழைநீர் கீழ்த் தோட்டத்துக்குக் கொண்டு செல்கிறது. கீழேயுள்ளவர் நல்ல நாற்று நட்டிருந்தும், முறையாகப் பயிர் செய்தும், பத்தாண்டு வளர்ந்த கொடியை இழக்கிறார். ஒருவர் கவனக்குறைவு மற்றவரின் நஷ்டமாகும் இடத்தில்தான் கூட்டுறவுக்கு வேலை உண்டு. பழங்குடிப் பகுதிகளுக்கென்று பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்ததன் நோக்கமும், கடனும் இடுபொருளும் விற்பனையும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பதே. கடன் கொடுக்கும் சங்கமே நாற்றையும் கொடுக்கும்போது, கெட்ட நாற்று கடனைத் திருப்பும் வழியையும் அடைத்து விடுகிறது. கொடி காய்ந்தபின் தவணை எங்கிருந்து வரும்?

எனவே மூன்று யோசனைகளை நிர்வாகக் குழுக்களின் முன் வைக்கிறோம்.

நாற்றுப் பதிவேட்டில் இன்று பொதுவாகக் காணும் கலங்கள், நிரப்பிய பைகள், விற்ற பைகள், இருப்பு ஆகியவையே. காலை, பிற்பகல் இருவேளை ஈர அளவு, வெப்பம், அகற்றிய நோய்ப்பைகள் என்று இன்னும் மூன்று கலங்கள் சேர்க்கப்பட வேண்டும். இருப்பை எண்ணிச் சரிபார்ப்பது எளிது. இருப்பின் நலத்தைச் சரிபார்க்க இக்கலங்களைத் தவிர வேறு வழி இல்லை. அகற்றிய பைகள் பூஜ்யம் என்று இரண்டு மாதமும் எழுதியிருந்தால், அந்நாற்றங்கால் மிகச் சிறந்தது என்று மகிழாமல், ஒருவரும் பார்க்கவில்லை என்றே ஐயுற வேண்டும்.

அடுத்து, கூடாரத்திலிருந்து வெளியே வந்து ஒரு மாதமேனும் திறந்த நிழலில் நின்று தேறாத நாற்று எதையும் சங்கம் விற்பனை செய்யக் கூடாது. ஈரக் கூட்டிலிருந்து நேரே தோட்டத்துக்குச் செல்லும் நாற்று வெளிக்காற்றைத் தாங்காது; மேலும் மறைந்திருக்கும் நோய் வெளிப்பட அவகாசமும் வேண்டும். அந்த ஒரு மாதமே நாற்றுக்குத் தேர்வு.

மூன்றாவது, நாற்றங்கால் ஊழியரின் ஊதியத்தைப் பற்றியது. நிரப்பிய பைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் பைகள் பெருகும், நாற்று பெருகாது. கூலியில் ஒரு பகுதியேனும் தேறி நின்ற நாற்றின் எண்ணிக்கைக்குக் கொடுக்கப்பட வேண்டும். நெசவாளர் சங்கங்களில் துணியின் தரம் பார்த்தே கூலி தீர்ப்பது போன்றதே இதுவும். நாற்றங்கால் வேலை பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கிறது. அவர்களைப் பூவாளி பிடிப்பவர்களாக மட்டும் கருதாது, ஈரமானி பார்க்கவும் பதிவு எழுதவும் நோய் அடையாளம் காணவும் பயிற்சி அளித்து, 'இந்த நாற்று விற்பனைக்கு ஆகாது' என்று சொல்லும் அதிகாரத்தையும் கொடுத்தல் வேண்டும்.

இதற்கு மறுப்பு ஒன்று உடனே எழும். மழை தொடங்கியதும் அங்கத்தினர் நாற்றுக் கேட்டு வாசலில் நிற்பார்கள். ஒரு மாதம் பொறுங்கள் என்றால் பருவம் தவறிப் போகும். அவர்கள் தனியாரிடம் வாங்கிக்கொள்வார்கள் என்பது அம்மறுப்பு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் குற்றம் பொறுக்கச் சொல்வதில் இல்லை. காலம் கடந்து தொடங்குவதில் இருக்கிறது. ஆனி, ஆடியில் நடவு வேண்டுமானால் அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, மாசியில் துண்டுகள் நடப்பட்டு விட வேண்டும். அங்கத்தினரின் தேவையைத் தை மாதத்திலேயே கேட்டு, முன்பணம் சிறிது பெற்றுப் பதிவு செய்தால், எவ்வளவு நாற்று வேண்டும் என்பதும் தெரியும். தேவைக்கு மேல் நெருக்கி அடுக்கும் வழக்கமும் ஒழியும். நெருக்கி அடுக்கிய பைகளுக்கிடையே காற்று புகாது. காற்று புகாத இடத்தில் ஈரம் தேங்கும். ஈரம் தேங்கிய இடத்தில் நோய் குடியேறும்.

இன்னொரு சாரார், நீரைப் பனிபோல் தெளிக்கும் விசைப்பொறிகளும் தானியங்கிச் சாதனங்களும் வாங்கிவிட்டால் இத்தொல்லைகள் தீரும் என்பர். பெரிய பண்ணைகளுக்கு அவை ஏற்கலாம். ஆயிரம் இரண்டாயிரம் நாற்று வளர்க்கும் சிறு கூடாரத்துக்கு, பழுதானால் மலையிறங்கிப் போய்ச் சீர் செய்து வர வேண்டிய கருவி துணையாகாது, பாரமாகும். கருவிக்கு இடும் பணத்தில் பத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கும் ஈரமானிக்கும் செலவிட்டுப் பார்த்து, அதன்பின் கருவியைப் பற்றி ஆலோசிப்பதே சிக்கனம்.

சங்கத்தின் பெயர் பொறித்த பையில் ஒரு நாற்றை அங்கத்தினர் வாங்குவது, அதன் இலையைப் புரட்டிப் பார்த்து அன்று. சங்கத்தின்மேல் வைத்த நம்பிக்கையினால். அந்த நம்பிக்கைக்குச் சங்கம் கொடுக்க வேண்டிய ஈடு, காலையில் தாளைத் தூக்குவதும், இரண்டு வெப்பமானிகளைப் பார்த்து ஒரு வரி எழுதுவதும், கெட்ட பையைத் தயங்காமல் அகற்றுவதும் ஆகிய சிறு கடமைகளே. வரும் மாசியில் துண்டுகள் நடத் தொடங்குமுன், நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து ஆலோசிக்குமாறு அங்கத்தினர் யாவரும் தத்தம் சங்கத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. மூன்றாண்டு காத்திருக்கப் போகிறவர்கள் அவர்களே அல்லவா?